ஓசி வைஃபையில் ஆபீஸ் வேலையா? 7 விதிகள்

ஏர்போர்ட்டில் லேப்டாப்பைத் திறந்து ரிப்போர்ட் அனுப்புகிற ஆளை எந்த மேனேஜருக்கும் பிடிக்கும். அதே லாகின் வழியாக கம்பெனி டேட்டா கசிந்தால், ‘ஃப்ரீ வைஃபைதானே சார்’ என்ற பதில் ஹெச்.ஆர். முன்னால் எடுபடாது. அப்ரைசலில் உங்களோடு போட்டி போடுபவருக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

முதலில் நிலவரம். 2010-ல் ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வந்தது. ஒரே காஃபி ஷாப் வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழைய அது போதுமானதாக இருந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன. அது ஒட்டிய கவர் மாதிரி: எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வழியில் இருப்பவருக்குத் தெரியலாம், உள்ளே இருப்பது தெரியாது. எனவே ஒட்டுக்கேட்பவரைவிட, போலி நெட்வொர்க் விரிப்பவரும் உங்கள் அவசரமும்தான் இப்போது பெரிய ஆபத்து.

1. முதல் சாய்ஸ், சொந்த ஹாட்ஸ்பாட். இன்டர்வியூ, பேங்க் வேலை, கிளையண்ட் ஃபைல் மூன்றுக்கும் மொபைல் டேட்டாதான். பொது வைஃபையை செய்தி படிக்கவும் வீடியோ பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெயரை நம்பாதீர்கள். வைஃபைக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம். சரியான பெயர் எது என்று கவுன்ட்டரில் கேளுங்கள். அதே பெயரில் போலியும் இருக்கலாம் என்பதால் அடுத்த விதி முக்கியம்.

3. நுழைவுப் பக்கத்தில் பாஸ்வேர்டு தராதீர்கள். நம் ரயில் நிலையங்களில் ரயில்டெல் தரும் ரயில்வயர் வைஃபை கேட்பது மொபைல் நம்பரும் ஓடிபியும்தான். வைஃபை தருகிறவருக்கு உங்கள் மெயில் பாஸ்வேர்டு எதற்கு? விமானத்தில் போலி வைஃபை வைத்து மெயில், சோஷியல் மீடியா லாகின் விவரங்களைப் பறித்ததாக 2024-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் ஒருவர் மீது வழக்குப் போட்டது. கேட்டவுடன் கொடுத்துவிடுகிறவர்களை நம்பித்தான் இந்த ஏமாற்று நடக்கிறது.

4. வார்னிங் வந்தால் வெளியேறுங்கள். ‘உங்கள் கனெக்‌ஷன் பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் எச்சரித்தால், ‘பரவாயில்லை, தொடரவும்’ பட்டன் பக்கமே போகாதீர்கள். பூட்டுப் படத்தையும் நம்பி இறங்காதீர்கள். மோசடித் தளங்களுக்கும் பூட்டு உண்டு. அதனால்தான் 2023-ல் கூகுள் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

5. விபிஎன் என்றால் ஆபீஸ் கொடுத்தது. அதை ஆன் செய்த பிறகே மெயிலைத் திறங்கள். பெயர் தெரியாத இலவச விபிஎன் ஆப், வைஃபைக்காரரிடமிருந்து மறைத்ததை ஆப்காரரிடம் ஒப்படைத்துவிடும்.

6. மூன்று செட்டிங்குகளை இன்றே மாற்றுங்கள். வைஃபையில் தானாக இணைவதை ஆஃப் செய்யுங்கள். ஃபைல் ஷேரிங்கை மூடுங்கள். முக்கியமான கணக்குகளுக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள்; பாஸ்வேர்டு பறிபோனாலும் இன்னொரு தடை இருக்கும். கிளம்பும்போது அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ கொடுங்கள்.

7. பக்கத்து சீட்டையும் கவனியுங்கள். சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஸ்கிரீனுக்கு பிரைவசி ஃபில்டர் ஒட்டுங்கள். கிளையண்ட் பெயரையும் ரேட்டையும் போனில் உரக்கப் பேசுகிறவருக்கு எந்த விபிஎன்னும் உதவாது.

இத்தனைக்குப் பிறகும் சறுக்கினால்? வேறு கனெக்‌ஷனுக்கு மாறி பாஸ்வேர்டை மாற்றுங்கள்; எல்லா டிவைஸிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-ஐ அழைத்து, பேங்குக்கும் சொல்லுங்கள். ஆபீஸ் கணக்கு என்றால் அன்றைக்கே ஐ.டி. டீமுக்கு மெயில் போடுங்கள். திட்டு விழலாம். ஆனால் முதலில் சொன்னவர் பொறுப்பானவர் என்று பெயர் வாங்குவார். சர்வர் லாக்கில் மாட்டியவர் விளக்கக் கடிதம் எழுதுவார்.