கல் நட்டால் மனையாகிவிடுமா?

கேள்வி: பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் புஞ்சையில் கல் நட்டு மனை விற்கிறார்கள். அங்கீகாரம் இல்லை, 'பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்' என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஒட்டப்பிடாரம்

பதில்: வாங்காதீர்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்து இடம் வாங்கியிருந்தவர்கள்தான் விற்க வழியின்றித் தவித்தார்கள். 2017-இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்குள் மனை விற்றுப் பதிவான பிரிவுகளுக்கே உரியவை. இன்று நடும் கல்லுக்கு அவை பொருந்தாது.

அந்தத் திட்டத்தின் கெடுவை அரசு பலமுறை நீட்டித்தது. மாட்டிக்கொண்ட ஏழைகளுக்கு அது தேவைதான். ஆனால் கெடு நீள நீள, சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டு முறையாக அனுமதி வாங்கியவர்தானே ஏமாளியாகிறார்? எல்லாருக்கும் ஒன்றாக, முன்கூட்டியே தெரிவதாக இருப்பதே நல்ல விதி. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024-இல் வந்த சுயசான்று முறை அப்படிப்பட்டது, மனமார வரவேற்கிறேன்.

இன்னொன்று, கரிசலில் மழையே அரிது. கண்மாய்க்கு வரும் ஓடையை மனைக்குள் மடக்கினால் ஊரே வறண்டுபோகும். முன்பணம் கொடுக்குமுன் நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரத்தைக் கேளுங்கள். புல வரைபடத்தில் ஓடை எங்கே போகிறது என்றும் பாருங்கள்.