அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், தங்கச்சி!

கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் வீடு பார்க்கிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம். பரீட்சை வந்தால் பிள்ளைகள் ஹயக்ரீவரைச் சேவிக்க மலையேறும் ஊர். மகள் பெரியார் கலைக் கல்லூரிக்குப் போய்வரலாம். உன் வீட்டுக்காரர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறினால் சிதம்பரம், அங்கிருந்து அண்ணாமலை நகர் பக்கம்தான்.

ஆனால் முதலில் வாடகைக்குப் போ. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை அங்கே இருந்து பார். 2015 மழையில் கடலூர் பட்ட பாடு உனக்கே தெரியும். கெடிலம் ஆற்றுப் பக்கத்து வீடென்றால் கரன்ட் மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, கீழ்ச்சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பார். தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேள், புரோக்கரிடம் கேட்காதே. மலையடி மனை மேடுதானே என்று விட்டுவிடாதே. செம்மண் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் ஏதாவது மனையைத் தொடுகிறதா என்பதும் முக்கியம்.

ஒரு முகூர்த்த நாள் காலையிலும் போ. கோவிலுக்கு வரும் கல்யாண வேன்கள் வரிசைகட்டி நிற்கும்போது உன் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வருமா?

எனக்குப் பெரிய பயம் அடிமனைதான். கோவில் ஊர்களில் "வீடு எங்களுது, மனை மட்டும் கோவிலுது" என்று விற்பார்கள். அப்படி வாங்கினால் உனக்கு வருவது கட்டடம்தான். காலமெல்லாம் தரைவாடகை கட்டணும். அறநிலையத்துறைச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி, உரிய அனுமதியில்லாமல் கோவில் நிலத்தை விற்றால் அந்த விற்பனையே செல்லாது. அதனால் சர்வே நம்பரை வாங்கி, வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டைப் பார். கோவில் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போடு. தாய்ப்பத்திரம் ஒரிஜினலாகக் கையில் வரணும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் ஒரிஜினல் எங்கே அடமானத்தில் இருக்கிறதோ என்று சந்தேகப்படு. காலி மனையென்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வீட்டு விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடு. பத்திரம் உன் பெயரில் இருக்கட்டும். இதில் அக்கா பிடிவாதம்தான். மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால், 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிய 1% குறைவு.

சர்வே நம்பர் கிடைத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. வில்லங்கம் நானே போட்டுப் பார்க்கிறேன்.