ஷட்டரைத் தூக்குவது யார்?



கார் ஷெட்டில் இருக்கும் பழைய இரும்பு ஷட்டரை மாற்றும்போது எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பாலாநகர்ப் பட்டறைகளில் பல வருடம் இரும்போடு பழகியவன் நான். கொண்டாப்பூரில் உள்ள என் வீட்டிலும் அண்மையில்தான் இந்த வேலை நடந்து முடிந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததை ஒரு பாடமாகவே எழுதுகிறேன். பெண்களும் படிக்க வேண்டும். பகலில் ஷட்டரோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

1. வீட்டின் வயதும் சாலையின் உயரமும்

1998ஆம் ஆண்டு மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அதையொட்டிய காலத்தில் கொண்டாப்பூர், கொத்தகூடா பக்கம் கட்டப்பட்ட தனி வீடுகளுக்கு இன்று இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடித்திருப்போம், குழாய் மாற்றியிருப்போம். ஷட்டரை மட்டும் கட்டியபோது இருந்தபடியே விட்டிருப்போம்.

இதற்கிடையில் வெளியே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. ஷெட்டின் தரை முன்பு சாலையைவிட மேலே இருந்தது. இப்போது பல வீடுகளில் கீழே போய்விட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிற மழைநீர் ஷட்டரின் காலடியில் தேங்குகிறது. அதனால்தான் மேலே பளபளப்பாக இருக்கும் ஷட்டரும் கீழே ஓர் அடி உயரத்துக்குத் துருப்பிடித்து உதிர்கிறது. வாசலில் மேடு கட்டாமல், தண்ணீருக்கு வழி செய்யாமல் புதிய ஷட்டர் போட்டால், அதுவும் அதே இடத்தில்தான் துருப்பிடிக்கும். முதல் செலவு கொத்தனாருக்கு. அதன் பிறகே ஷட்டர்காரருக்கு.

2. எடையைச் சுமப்பது எது?

ஷட்டரின் உறுப்புகள் சிலவே. ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கோத்த இரும்புப் பட்டைகள், அவை ஓடுவதற்கு இருபுறமும் சேனல்கள், மேலே பெட்டிக்குள் ஒரு குழாய், அந்தக் குழாயோடு இணைந்த டிரம்களில் சுருட்டி அடைத்த ஸ்பிரிங்குகள். இவ்வளவுதான்.

ஒரு கையால் ஷட்டரைத் தூக்கிவிட்டு, 'நான் தூக்கினேன்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங். நம் கை, போகும் திசையைக் காட்டுகிறது, அவ்வளவே. ஷட்டர் மேலே இருக்கும்போது பட்டைகளின் எடையைக் குழாய் சுமக்கிறது, தொங்குவது கொஞ்சமே. கீழே இறங்க இறங்கத் தொங்கும் எடை கூடுகிறது; ஸ்பிரிங்கும் அதே அளவுக்கு முறுகி, மேலே இழுக்கும் பலத்தைக் கூட்டிக்கொள்கிறது. எடையும் பலமும் இப்படிச் சேர்ந்தே வளர்வதால்தான் தராசுபோல ஒரு சமநிலை கிடைக்கிறது. நல்ல ஷட்டரைப் பாதியில் விட்டால் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும்.

ஸ்பிரிங் அறுந்துவிட்டால் தராசின் ஒரு தட்டு காலி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி நடந்தது. பாதி திறந்து வைத்திருந்த ஷட்டர் ஒரே வீச்சில் தரையில் வந்து விழுந்தது. பந்து பொறுக்கக் குனிந்து உள்ளே ஓடிய சிறுவன் ஓர் அடி முன்னால் போய்விட்டிருந்ததால் தப்பினான். அந்த வீட்டில் ஷட்டர் பல மாதங்களாகவே கனத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் உராய்வைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது.

3. பதினான்கு கிலோ கணக்கு

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இது. என் வீட்டு ஷட்டர் 8 அடி அகலம், 8 அடி உயரம், ஏறக்குறைய 5.95 சதுர மீட்டர். பழைய பட்டை 0.90 மில்லிமீட்டர் கனம். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கெட்டியாக இருக்கட்டும் என்று 1.20 மில்லிமீட்டர் பட்டை கேட்டேன். ஷட்டர்காரரும் ஒப்புக்கொண்டார். ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டதும், "பாத ஸ்பிரிங்கே சாலு சார்" என்றார். பழைய ஸ்பிரிங்கே போதுமாம். செலவு மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ எடை இருக்கும். ஆகவே பழைய பட்டை, தட்டையாகக் கணக்கிட்டாலே சுமார் 42 கிலோ. புதியது சுமார் 56 கிலோ. மடிப்புகளையும் கொக்கிகளையும் சேர்த்தால் இரண்டும் இன்னும் கூடும். வித்தியாசம் 14 கிலோ. நம் சமையலறைக்கு வரும் நிறை சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. அத்தனை கனத்தைப் புதிதாக ஷட்டரில் ஏற்றிவிட்டு, ஏற்கெனவே களைத்துப்போன ஸ்பிரிங்கிடம் சுமக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஷட்டர்காரர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுநாள் புதிய ஸ்பிரிங்கோடு வந்தார்.

ஆகவே பட்டை மாறினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும், அதுவும் புதிய எடைக்குத் தகுந்ததாக.

கடையில் கனத்தை 'கேஜ்' கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் கனம் குறையும். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் ஏறத்தாழ 0.9. பெரிய எண்ணைக் கேட்டுப் பெரிய கனம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மூன்றரை மீட்டர் அகலம் வரை 0.90 போதும், அதற்கு மேல் 1.20 வேண்டும் என்பது அரசுக் கட்டடங்களில் பின்பற்றும் வழக்கம். கையால் தள்ளி இழுக்கும் ஷட்டர், பால்பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர் வரைக்கும், பால்பேரிங்குடன் 12 வரைக்கும்தான். அதைவிடப் பெரிதென்றால் கியர் வைத்தது வேண்டும்.

4. பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பட்டை நன்றாக இருந்து ஸ்பிரிங் மட்டும் போயிருந்தால் ஸ்பிரிங்கை மாற்றினால் போதும். கீழே நாலைந்து பட்டைகள் மட்டும் துருப்பிடித்திருந்தால் அவற்றையும் அடிப்பட்டையையும் மாற்றலாம். கொக்கிகள் பரவலாக உதிர்ந்திருந்தாலோ, குழாய் வளைந்திருந்தாலோ, சேனல் சுவரைவிட்டுப் பெயர்ந்திருந்தாலோ முழுவதும் மாற்றுவதே சிக்கனம். பழைய சுவரில் சேனலைப் பொருத்தும் முன் உதிரும் பூச்சைச் சுரண்டிவிட்டு, உறுதியான இடத்தில் போல்ட் இறக்கச் சொல்லுங்கள்.

பட்டையின் கனம், ஸ்பிரிங் புதியதா, பழைய இரும்புக்கு எவ்வளவு கழிவு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஷட்டர் கனக்கத் தொடங்கியதுமே வீட்டுக்காரருக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். பிறகு பேச்சு வராது.

மோட்டார் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். சில மோட்டார்கள் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வேலை செய்பவை. சில முழு எடையையும் தாங்களே இழுப்பவை. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டருக்கு மோட்டார் மருந்தாகாது. மின்சாரம் போனால் கையால் திறக்கும் வழியையும் வீட்டில் எல்லோருக்கும் காட்டி வைக்க வேண்டும்.

5. குளிர் நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் கனடாவிலோ அமெரிக்காவிலோ பழைய வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். அங்கே கராஜ் கதவு சுருளாது. பலகை பலகையாக மடிந்து தண்டவாளத்தில் மேலேறும். சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921இல் அமெரிக்காவில் மேலெழும் கதவைக் கொண்டுவந்தார். 1926இல் அதற்கு மின்மோட்டாரும் வைத்தார். அங்கேயும் எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை திறந்து மூடும் அளவுக்குச் செய்யப்படுகிறது. நாளைக்கு நாலு முறை என்றால் ஏழு வருடம்கூட முழுதாக வராது.

குளிருக்காகப் பழைய கதவை எடுத்துவிட்டு, உள்ளே நுரை அடைத்த இரட்டைத் தகட்டுக் கதவு போடுவார்கள். அதன் எடை வேறு; ஆகவே ஸ்பிரிங்கும் வேறு. நம் 14 கிலோ கணக்கு அங்கேயும் செல்லும். நுரைக் கதவு மட்டும் போதாது. பழைய வீட்டில் தரை அமிழ்ந்து கதவடியில் சந்து விட்டிருக்கும், மரச் சட்டத்தின் கால் மக்கியிருக்கும். அவற்றைச் சரிசெய்து ரப்பர் பட்டை பொருத்தினால்தான் குளிர் நிற்கும். பனியில் அந்த ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. முதலில் பனியை விடுவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1993 ஜனவரி முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில், குறுக்கே ஆள் இருந்தால் கதவு திரும்பி மேலேறும் அமைப்பு கட்டாயம். தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருபுறமும் உள்ள ஒளிக்கண்கள் அதற்கானவை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அவை வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். குளிருக்குப் பயந்து கராஜுக்குள்ளேயே காரை ஓடவிட்டுச் சூடேற்றவும் கூடாது. கதவு திறந்திருந்தாலும் மணமற்ற நச்சுப்புகை வீட்டுக்குள் வரும்.

6. வீட்டுப்பாடம்

இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அப்பால் நிறுத்திவிட்டு, ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்குங்கள். வெளியே நின்றபடி, அடிப்பட்டைக்குக் கீழே கால் வைக்காமல், மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். நின்றால் நல்லது. கடகடவென்று இறங்கினாலோ, தூக்கவே இருவர் தேவைப்பட்டாலோ, அன்றோடு அதைத் திறப்பதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முறுகிய ஸ்பிரிங்கைத் தொடுவது மட்டும் தெரிந்தவர் வேலை. வீட்டில் கருவிகள் இருக்கின்றன என்பதற்காகப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்.

சேனலில் கிரீஸை அப்பாதீர்கள். நம் பக்கம் எப்போதும் கட்டட வேலை நடப்பதால், அந்தத் தூசு கிரீஸோடு சேர்ந்து இரும்பை அரைக்கும். துணியால் துடைத்தாலே போதும். மழைக்காலம் தொடங்கும் முன் கீழ்ப்பட்டைகளின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்ததும் மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள்.