தோட்டத்தில் ஒரு குட்டிக் கண்மாய்

1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்று வந்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் கொண்டுவந்த தொழில் இங்கே வேரூன்றியதற்கு நம் ஊரின் வறண்ட காற்றும் ஒரு காரணம். தீக்குச்சியும் வெடிமருந்தும் ஈரத்துக்குப் பகை அல்லவா? ஆனால் தொழிலுக்கு நண்பனாகிய இதே வறட்சி, தவளைக்கும் தட்டானுக்கும் பகை. அவற்றுக்கென்று வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குளம் வெட்ட முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் வீட்டில் நான் இப்பேச்சை எடுத்தவுடன் அப்பத்தா, "ஏ புள்ள, குடிக்கவே தண்ணி இல்லாத ஊருல தவளைக்கு ஒரு குளமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. எனவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள குளம் என்றால் தினமும் சுமார் 15 லிட்டர், அதாவது ஒரு குடம் தண்ணீர் போய்விடும். தெருக்குழாயில் முறைவைத்துப் பிடிக்கும் குடத்தைத் தவளைக்கு ஊற்றுவதை எந்தத் தாயும் ஒப்பமாட்டார்.

இதற்கு விடை நம் கண்மாய்களிடமே இருக்கிறது. அவை ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, பங்குனி சித்திரையில் வற்றி, தரை வெடித்துக் கிடப்பவை. நம் நாட்டுத் தவளைகளும் தட்டான்களும் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த ஒழுங்குக்குப் பழகியவை. தேரையின் தலைப்பிரட்டை ஐந்தாறு வாரங்களில் கால் முளைத்துக் கரையேறிவிடும். மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும் தவளைகளும் உண்டு. ஆகவே ஆண்டு முழுவதும் நீர் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மழையில் நிறையட்டும், கோடையில் வற்றட்டும்!

நான் முதலில் செய்தது தவறு. பயன்படாமல் கிடந்த சிமெண்டுத் தொட்டியில் நீர் நிரப்பி, "குளம்" என்று பெயரிட்டேன். எட்டாம் நாள் அதில் புழுக்கள் நெளிந்தன. கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வரும் அக்கா டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, "டெங்குக் கொசுவுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது, பாப்பா" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்க்கச் செய்தார். அதைவிட வருத்தம், அன்று காலை ஓர் அணிற்குஞ்சு அதில் மூழ்கி இறந்து கிடந்தது. செங்குத்தான சுவரில் அது எப்படி ஏறும்?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரையே நாடும். தொட்டி, டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அம்முட்டை நீரின்றிப் பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நனைந்தால் பொரிக்கும். சரிவான மண் கரையும், செடிகளும், புழுக்களைத் தின்னும் உயிர்களும் உள்ள குளத்தை அது அவ்வளவாக நாடுவதில்லை. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். தட்டானின் இளம் பூச்சிகள் குளத்தில் பெருகவோ சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளிதான் ஆபத்தானது. ஆகையால் முதல் வாரத்திலேயே மீன் விடவேண்டும்.

எந்த மீன்? அமெரிக்கக் கண்டத்துக்குரிய கம்பூசியா மீன் 1928இல் கொசு ஒழிப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் நாட்டு மீன் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். நம் நீர்நிலைகளில், நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மினுக்கும் சிறு மீன் ஒன்று மேல்மட்டத்திலேயே நீந்தக் காணலாம். அபிலோகீலஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதில் ஐந்தாறு போதும். இதுவும் மிகச் சிறிய தலைப்பிரட்டைகளைத் தின்னக்கூடும். செடி அடர்ந்திருந்தால் அவை தப்பிக்கொள்ளும்.

இனி வெட்டும் முறையைக் காண்போம். ஒரு பக்கம் ஒன்றரை அடி ஆழம் இருக்கட்டும். மறுபக்கம் படிப்படியாகச் சரிந்து தரையோடு சேரவேண்டும். இந்தச் சரிவே அணிலுக்கும் ஓணானுக்கும் ஏணி. நம் கரிசல் மண் ஈரத்தில் நீரைப் பிடிக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எனவே கல்லும் வேரும் நீக்கி, பழைய சாக்குகளைப் பரப்பி, அதன்மேல் கனத்த பாலிதீன் விரிப்பைப் போட வேண்டும். விரிப்பின் நீளம், குளத்தின் நீளத்தோடு இருமடங்கு ஆழமும் கரைக்கு 2 அடியும் சேர்ந்தது: 6+3+2, ஆக 11 அடி. அகலம் அவ்வாறே 9 அடி. விரிப்பின்மேல் நாலு அங்குலம் மண் கொட்டவும். வெயில் பட்டால் பாலிதீன் நைந்துவிடும்.

குளம் ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். மாடியில் 200 சதுர அடிப் பரப்பில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 740 லிட்டர் கிடைக்கும்! தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயைச் சற்றே குளத்தின் பக்கம் திருப்பினேன், அவ்வளவே. விருதுநகர்க் கடைவீதியின் நடுவிலுள்ள தெப்பக்குளமும் மழைநீரைத் தேக்குவதுதானே.

ஓர் எச்சரிக்கை, நம் ஊருக்கே உரியது. பட்டாசு ஆலைக்குச் சென்றுவந்த உடைகளைத் துவைத்த நீர் குளத்தில் கலக்கக் கூடாது. பட்டாசில் பச்சை நிறத்துக்குப் பயன்பட்டு, 2018இல் உச்ச நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்ட பேரியம் உப்பு நீரில் கரையும் நஞ்சு. மற்ற மருந்துத் தூள்களும் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகா. தவழும் குழந்தை உள்ள வீட்டில் குளமே வேண்டாம். அரை அடி நீரும் போதும், விபரீதம் நேர. தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வரலாம். அதற்கு விஷமில்லை, ஆனால் எது எதுவென்று தெரியாமல் யாரும் கிட்டே போகாதீர்கள்.

செடிகளில் அல்லி ஒன்று, கரையோரம் கோரை, வல்லாரை, ஆரை. வெங்காயத் தாமரையின் ஊதாப்பூவைப் பார்த்து மயங்கி அதை விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது குளத்தையே மூடிவிடும்.

எங்கள் குளம் ஐப்பசி மழையில் நிறைந்தது. யாரும் அழைக்காமலே தேரைகள் வந்தன. ஒரு காலத்தில் நம் நாட்டுத் தவளைகளின் கால்கள் வெளிநாட்டு உணவு விடுதிகளுக்கு ஏற்றுமதியாயின. 1987இல்தான் அரசு அதைத் தடைசெய்தது. மஞ்சள் நிறத் தட்டான்களும் வந்தன. இவ்வினம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா செல்கிறது என்று, மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற அறிஞர் 2009இல் எழுதினார். அத்தகைய பயணி எங்கள் கொல்லையில் வாலை நீரில் தட்டித் தட்டி முட்டையிடுவதை நான் பரீட்சைப் பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் மீன்களைக் கிணற்றில் விட்டோம். சித்திரையில் குளம் வற்றியது. நான் முகம் வாடி நின்றேன். வைகாசியில் ஒரு கோடைமழை. நான்காம் நாள் பார்த்தால், காய்ந்த மண்ணில் நாலிலை நாலிலையாக ஆரை துளிர்த்திருந்தது. அதன் வித்துறை பல ஆண்டுகள் வறட்சியைத் தாங்குமாம். இரண்டு வாரம் கழித்து அப்பத்தா முறத்துடன் வந்து உட்கார்ந்து கொழுந்தாகக் கிள்ளினார். அன்று எங்கள் வீட்டில் ஆரைக்கீரைக் கடையல்.