களத்தோரத்து வீட்டுக்கு ஒரு கேபினட்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பிராசஸர், மதர்போர்டு எல்லாம் பார்த்துப் பார்த்து முடிவு செய்தவன், கேபினட் மட்டும் ‘எதுவானாலும் சரி’ என்கிறாய். சென்னை ரிச்சி தெருவில் அப்படிச் சொன்னால் தலையாட்டுவார்கள். திருவையாற்றில், வாசலுக்கு எதிரே நெற்களம் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

தையில் சம்பா அறுவடை தொடங்கியதும் பறக்கிற சுணையையும் பதர்த்தூசியையும் கேபினட்டின் விசிறிதான் முதலில் உள்ளே இழுக்கும். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அது அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஐப்பசி மழையில் அதே தூசி ஈரம் கோத்துப் பலகையை அரிக்கும்.

ஆகவே முதலில் வடிகட்டியைப் பார். காற்று நுழையும் எல்லா வழியிலும் மெல்லிய வலை வேண்டும். அதைக் கையால் உருவி எடுக்க வர வேண்டும். நாலு ஸ்க்ரூ கழற்றினால்தான் வரும் என்றால் பொங்கலுக்குப் பொங்கல்கூடக் கழுவ மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா! கடையிலேயே உருவிப் பார். முகப்பு முழுக்கக் கண்ணாடியும் கலர் விளக்கும் பார்க்க அழகுதான். ஆனால் காற்று பக்கவாட்டு இடுக்கில் திணறித்தான் நுழையும். சித்திரை வெயிலுக்கு வலை முகப்பே சரி.

முன்னால் இரண்டு 120 மி.மீ. விசிறி காற்றை உள்ளே தள்ளட்டும், பின்னால் ஒன்று வெளியேற்றட்டும். வரத்து அதிகமானால் மிச்சக் காற்று இடுக்குகள் வழியே வெளியேறும். தூசி அந்த வழியே உள்ளே வர முடியாது.

பின்பக்க ஸ்லாட் மூடிகள் ஸ்க்ரூ போட்டவையா என்று கவனி. ஒடித்து எடுக்கும் தகடு ஒருமுறை போனால் போனதுதான்; அந்த ஓட்டை பல்லிக்கும் சுண்டெலிக்கும் வாசல்.

இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவே இன்னும் நடப்பில் இருப்பதால், நல்ல கேபினட் அடுத்த மதர்போர்டுக்கும் உதவும். கொஞ்சம் கூடப் போட்டு வாங்கலாம். கேபினட்டோடு சேர்த்துத் தரும் மலிவு எஸ்எம்பிஎஸ் வேண்டாம். அதைத் தனியாக வாங்கு. அதன் விசிறி அடியிலிருந்து காற்றை இழுக்கும் என்பதால் கேபினட்டைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வை.

இதற்கெல்லாம் முன்பு, அறைப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல். இல்லாவிட்டால் இரும்புச் சட்டத்தைத் தொடும்போது சுரீர் என்னும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
மாமா