மறையாத கை

படக்கதை வீரன் ஒருவனைக் குறித்துத் தமிழ் பயிலும் மாணவர் கட்டுரை வரைதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். இரு தலைமுறையினர் நெஞ்சில் நிலைத்த கதை எதுவாயினும் அஃது ஆராய்ச்சிக்குரியதே என்பது நம் துணிபு.

இரும்புக்கை மாயாவி பிறந்த இடம் இங்கிலாந்து. 1962-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கிய 'வாலியன்ட்' என்னும் வார இதழில் அவன் தோன்றினான். கதை வகுத்தவர் கென் பல்மர். ஓவியந் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டினரான ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' தன் முதல் வெளியீட்டிலேயே அவனைத் தமிழ் பேச வைத்தது. தந்தையர் படித்த அவ்வேடுகளை மக்களும் படிக்கும் இல்லங்கள் பல உள. நம் இல்லமும் அவற்றுள் ஒன்று.

ஆராய்ச்சிக்கூட உதவியாளனாகிய அவன் வலக்கையை இழந்து இரும்புக்கை பெற்றவன். ஒருநாள் விபத்தில் மின்சாரம் பாய, அவன் உடல் முழுதும் கண்ணுக்குப் புலனாகாது மறைந்தது. இரும்புக்கை மட்டும் மறையவில்லை. அம்மறைவும் சிறிது பொழுதே நிற்கும். மீண்டும் மறைய வேண்டின் மீண்டும் மின்னதிர்ச்சியை ஏற்றல் வேண்டும்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது யாது? 1938-இல் அமெரிக்காவில் தோன்றிய சூப்பர்மேனுக்கு ஆற்றல் பிறப்பால் வாய்த்தது, கர்ணனுக்குக் கவச குண்டலங்கள் வாய்த்தவாறு போல. மாயாவிக்கோ அஃது ஊனத்தின் வழியே வந்தது. உலகம் காணாது மறைந்தவனை அவ்வூனமே காட்டிக் கொடுக்கிறது. பகைவனைப் பற்றுவதும் அதுவே.

நமக்குத் திக்குவாய் உண்டு. வகுப்பில் செய்யுளை உரக்கப் படிக்குமாறு ஆசிரியர் பணிக்குந்தோறும் ஒளிய இடம் தேடும் நம் மனம். உடன் பயில்வோர் முதலில் அறிந்தது அக்குறையையே. நம் பெயரை அதன் பின்னரே அறிந்தனர். ஆதலின், வெறுவெளியில் தனியே மிதந்து செல்லும் அக்கையைக் கண்டு பிறர் அஞ்சிய இடத்தில் நாம் உறவு கொண்டோம்.

அவன் தொடக்கத்தில் நல்லோனும் அல்லன். பேராசையால் வங்கியைக் கொள்ளையிட்டவன். பின்னரே உளவுப்படையிற் சேர்ந்து தீயோரை எதிர்த்தான். இன்னும் பிற்பட்ட கதைகளில் அவனுக்கு வீரவுடையும் முகமூடியும் அணிவித்தனர். அவை நமக்குச் சுவைக்கவில்லை. முகமூடி எவரும் அணியலாம் அன்றோ?

சென்ற விடுமுறையில் பழைய ஏடொன்றைத் தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டினோம். சொல் தடைப்பட்ட இடங்களில் அவன் நம் முகத்தை நோக்கவில்லை, படத்தை நோக்கியிருந்தான்.