சீனச் சக்கரவர்த்தியும் சாக்கடை மூடியும்

கே: இலங்கைக்குச் சுற்றுலா போகிறோம். காலி நகருக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. அங்குள்ள கோட்டையைக் கட்டியது போர்ச்சுக்கீசியரா, டச்சுக்காரரா? எதையெல்லாம் பார்க்கலாம்? (வாசகி, கும்பகோணம்)

ப: போர்ச்சுக்கீசியர் ஆரம்பித்தார்கள். 1640-ல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு பெரிதாகக் கட்டினார்கள். 1796-ல் பிரிட்டிஷார் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். கலங்கரை விளக்கத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் ஏதோ டச்சுக்காலத்துச் சொத்து என்று நம்பிவிட வேண்டாம், இப்போது நிற்பது 1939-ல் கட்டியது. பழைய வாசலின் உட்புறத்தில் டச்சுக் கம்பெனியின் முத்திரை இருக்கும்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வழிகாட்டி சேவல் கதையை எடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையைப் பாருங்கள். காலியின் உண்மையான பெருமை அங்கேதான், காலுக்குக் கீழே ஓடுகிறது.

சாக்கடையைச் சொல்கிறேன். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்கள் "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று முனகுவது கேட்கிறது. முனகுங்கள். கோட்டைத் தெருக்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாக்கடை கட்டி, கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே புகுந்து அலசும்படியும், இறங்கும்போது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்படியும் செய்தார்கள் டச்சுக்காரர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் மூன்று அடியைக்கூடத் தாண்டாது. அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசத்தை நம்பி ஓர் ஊருக்கே வாட்டம் பார்த்திருக்கிறார் ஒரு கொத்தனார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. எங்கள் தெருவில் போன கார்த்திகையில் போட்ட கால்வாயில் தண்ணீர் மேடு நோக்கிப் போகிறது. கட்டியவர் பெயர் மட்டும் கல்லில் பளிச்சென்று இருக்கிறது.

கே: சீனாக்காரர்கள் மும்மத ஒற்றுமையைப் போற்றி, காலியிலேயே தமிழிலும் கல்வெட்டு வெட்டி வைத்தார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது. (வாசகர், நாகர்கோவில்)

ப: கல்வெட்டு உண்மை, தமிழும் உண்மை. மற்றதெல்லாம் வாட்ஸ்அப்.

முதலில், அது காலியில் வெட்டிய கல்லே இல்லை. 1409-ஆம் ஆண்டுத் தேதியோடு சீனாவில், நான்ஜிங்கில் செதுக்கிக் கப்பலில் ஏற்றி வந்தது. கொண்டுவந்தவர் கடற்படைத் தளபதி செங் ஹே. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான பலகைக் கல். உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே வளைந்து நிற்கும். வலப்பக்கம் முழுக்கச் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை வைக்கிறது, தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியலோ கிட்டத்தட்ட ஒன்றேதான்: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு நூறு சுருள், வாசனை எண்ணெய், இத்யாதி. கல்யாண மண்டபத்தில் மூன்று சம்பந்திகளுக்கும் ஒரே கனத்தில் தாம்பூலப் பை கொடுத்து, ஒவ்வொருவரிடமும் "உங்களுக்குத்தான் ஸ்பெஷல்" என்று காதில் சொல்கிற சாமர்த்தியம்.

நாயனார் யார்? கல்வெட்டை வாசித்த அறிஞர்கள் திருமால் என்கிறார்கள். அங்கிருந்தது தொண்டேச்சரம் என்ற சிவன் கோயில் என்பது என் தாய்மாமன் கட்சி. தீர்ப்புச் சொல்லக் கோயில் இல்லை, 1588-ல் போர்ச்சுக்கீசியர் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஒற்றுமைக்கு வருவோம். மூன்று தெய்வங்களுக்கும் பட்டு கொண்டுவந்த அதே செங் ஹே, 1411-ல் அழகேஸ்வரர் என்ற உள்ளூர் அரசரோடு மோதி, அவரைக் குடும்பத்தோடு பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். சக்கரவர்த்தி பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார் என்பது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் கல்லின் படத்தோடு இந்தச் செய்தியையும் யாராவது சேர்த்து அனுப்பினால் தேவலை.

இனி எனக்குப் பிடித்த கட்டம். இத்தனை ராஜமரியாதையோடு வந்த கல் அப்புறம் எங்கே போயிற்று? 1911-ல் காலியில் ஒரு மாகாணப் பொறியாளர் கண்ணில் பட்டது, ஒரு சிறு பாலத்தடிக் கால்வாய்க்கு மூடியாக! தொல்லியலாளர் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை, கால்வாய் பார்க்கிற ஆள் கண்டுபிடித்தார். சாக்கடை, சாக்கடை என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா? (கும்பகோணம் வாசகிக்கு: அசல் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் காலிக்கு ரயில் ஏறுங்கள். கடலை ஒட்டியே போகும் பாதை, வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.)

கே: அது சரி, நான்ஜிங்கில் உட்கார்ந்து தமிழ் எழுதியது யார்? (வாசகர், காரைக்குடி)

ப: ஊர் பெயரைப் பார்த்ததுமே கேள்வியின் உள்நோக்கம் தெரிகிறது. நகரத்தார் என்று எழுதினால் எனக்குப் பலகாரம் வருமோ என்னவோ, ஆதாரம் வராது. சீனாவுக்குத் தமிழ் புதிதில்லை. அங்குள்ள சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் ஒன்று எழுப்பிய செய்தியோடு. கணக்கு எழுதுகிற வணிகன் எந்தத் துறைமுகத்தில் இல்லை? அவனைக் கூப்பிட்டு, "இதைத் தமிழில் போட்டுக் கொடுப்பா" என்றிருப்பார்கள். இது என் ஊகம், இதைவிட நல்ல ஊகம் யாரிடமும் இல்லை.

கே: காலி என்றதும் முரளிதரன்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அந்த 800-வது விக்கெட் யாருடையது? (வாசகர், ஆவடி)

ப: பொருட்கள் பிறந்த கதை சொல்லும் பகுதி இது. இருந்தாலும், விக்கெட்டுக்கும் பிறந்த கதை உண்டு. 2010 ஜூலை 22, முரளியின் கடைசி டெஸ்ட். 8 விக்கெட் தேவை என்ற நிலையில் இறங்கியவர். எண்ணூறாவதாக மாட்டியவர் பிரக்யான் ஓஜா, ஸ்லிப்பில் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. கோட்டை மதில்மேல் ஏறினால் மைதானம் முழுக்கத் தெரியும் என்பதால் டிக்கெட் வாங்காத கூட்டமும் அங்கே எப்போதும் உண்டு. 2004 சுனாமியில் அந்த மைதானம் மூழ்கிப் போய், 2007 டிசம்பரில்தான் மறுபடி டெஸ்ட் ஆட்டம் வந்தது. எண்ணூறு நடந்த ஆட்டத்தில் நம்மவர்கள் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றார்கள். அதை நீங்கள் கேட்கவில்லை.